பண்ணைச் செலவுக் கணக்கும் உணவுக் கொள்கையும்

உழவின் சிறப்பைத் தமிழ் நூல்கள் பலபடப் பேசுகின்றன. திருக்குறள் அதற்கெனத் தனியோர் அதிகாரமே வகுத்துள்ளது. ஆயின், உழவன் தன் நிலத்தில் தானே செலுத்தும் உழைப்புக்கு விலை யாது என்னும் வினா, விடுதலைக்குப் பின்னரே நாடளாவிய ஆராய்ச்சிப் பொருளாயிற்று. அவ்வினா அறிஞர்தம் ஏட்டினின்றும் அரசின் உணவுக் கொள்கைக்குள் புகுந்த வரலாற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறைக்குத் தமிழகத்தில் முன்னோடி முயற்சியொன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்வித்து 1918-இல் நூலாக வெளியிட்டார். பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940-இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். நிலம் எவரிடம் உளது, கடன் எவர்மேல் உளது என்பவற்றை இந்நூல்கள் காட்டின. எனினும், 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்துக்குப் பின் தானிய விலையைத் தன் பொறுப்பாகக் கருதத் தலைப்பட்ட அரசுக்கு வேறொரு கணக்கும் வேண்டியிருந்தது. ஓர் ஏக்கரில் நெல் விளைவிக்க ஆகும் செலவு எவ்வளவு என்பதே அது.

அக்கணக்கைத் தேடி 1954-55-இல் பண்ணை மேலாண்மை ஆய்வுகள் தொடங்கப்பெற்றன. தேர்ந்தெடுத்த வட்டாரங்களுள் அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களும் இடம்பெற்றன. கணக்கர் ஊரிலேயே தங்கி நாள்தோறும் வரவு செலவைக் குறித்தல் ஒரு முறை. உழவரை இடையிடையே வினவி அறிதல் மற்றொரு முறை. இவ்விரண்டையும் ஒப்பிடுதலும் ஆய்வின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

ஆய்வாளர் செலவைப் படிப்படியாக வகுத்தனர். கூலி, விதை, எரு, தீர்வை முதலியவற்றுக்குக் கையினின்று கொடுத்தது முதற் படி. குத்தகை நிலமாயின் அதன் தொகையும் இதனோடு சேரும். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தது அடுத்த படி. குடும்பத்தாரின் உழைப்பையும் மதிப்பிட்டுச் சேர்த்தது இறுதிப் படி. கொங்கு நாட்டுக் கிணற்றில் கூலியாள் கவலை இறைப்பின் அது முதற் படியிலேயே செலவாகும்; உழவன் மகன் இறைப்பின் இறுதிப் படியில்தான் கணக்கேறும். இறைத்த நீரோ ஒன்றே.

இவ்வகுப்பினின்றும் ஒரு புதிர் எழுந்தது. குடும்ப உழைப்பைச் சந்தைக் கூலியில் மதிப்பிட்டபொழுது, பல பண்ணைகள் இழப்பில் நடப்பனவாகத் தோன்றின. ஆயினும் உழவர் உழவைக் கைவிடவில்லை. மேலும், சிறு பண்ணைகளின் ஏக்கர் விளைவு பெரும் பண்ணைகளினும் மிக்கிருந்தது. அமர்த்தியா சென் 1962-இல் இதற்கு விளக்கம் கூறினார். வேறு வேலை கிட்டாத குடும்பம், கூலிக்கு ஆள் வைப்போர் நிறுத்திக்கொள்ளும் எல்லையையும் கடந்து தன் நிலத்தில் உழைக்கும் என்பது அவ்விளக்கத்தின் சாரம். நிலச் சீர்திருத்தம் வேண்டினோர்க்கு இம்முடிபு துணையாயிற்று. ஆயின், கிருஷ்ணா பரத்வாஜ் இத்தரவுகளை 1974-இல் வெளிவந்த தம் நூலில் மீள ஆராய்ந்து, சிறு உழவரின் மிகுவிளைவில் அவர்தம் நெருக்கடியும் அடங்கியிருத்தலைச் சுட்டினார். விளைவின் மிகுதி வாழ்வின் செழுமைக்குச் சான்றாகாது என்பது இதனாற் போதரும்.

1965-ஆம் ஆண்டு சனவரியில் வேளாண் விலைக் குழு அமைந்தது, எம். எல். தந்த்வாலா அதன் முதல் தலைவர். அதே திங்களில் தோன்றிய இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. 1970-71 முதல் சாகுபடிச் செலவைத் தொடர்ந்து திரட்டும் விரிவான திட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னைய ஆய்வாளர் வகுத்த செலவுப் படிகளே, சில திருத்தங்களோடு, ஆதரவு விலையை ஆராயும் அளவுகோலாயின.

அவ்வளவுகோலின் எப்படியைக் கொள்வது என்பதே பின்னைய வழக்கு. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், ஆதரவு விலை உற்பத்திச் செலவினும் குறைந்தது 50 விழுக்காடு மிக்கிருத்தல் வேண்டும் என 2006-இல் பரிந்துரைத்தது. 2018-இல் ஒன்றிய அரசு, கைச்செலவும் குடும்ப உழைப்பும் மட்டும் சேர்ந்த தொகையின் ஒன்றரை மடங்கை அளித்தது. அவ்வாண்டு பொதுரக நெல் குவிண்டாலுக்கு அத்தொகை ரூ. 1,166, அறிவித்த விலை ரூ. 1,750. சொந்த நிலத்தின் வாடகையும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்த முழுச்செலவோ ரூ. 1,560, அதன் ஒன்றரை மடங்கு ரூ. 2,340. இவ்விரு விலைகளுக்கும் இடையேயுள்ள ரூ. 590, கணக்கின் வரையறையால் விளைந்த வேறுபாடு.

எதனைச் செலவெனக் கொள்வது என்று முடிவு செய்தலே கொள்கையின் முதற் படி என்பது இவ்வரலாற்றால் பெறப்படும். இன்னொன்றும் உண்டு. நிலமற்ற உழவுத் தொழிலாளி இச்செலவுப் பட்டியலில் கூலி என்னும் ஒரு வரியாக மட்டுமே நிற்கிறான். அவன் அரிசியை விலைக்கு வாங்கி உண்பவன் என்பதை அவ்வரி கூறாது. அதனைக் கூறுவன சிலேட்டர் வழிவந்த சிற்றூர் ஆய்வுகளே. ஆதலின், விளைவிப்போனுக்குரிய விலையையும் வாங்கி உண்போனுக்குரிய விலையையும் ஒருங்கே ஆய்வார்க்கு இவ்விரு மரபுகளும் இன்றியமையாதன.