செட்டிநாட்டு நிலைவாசல்

செட்டிநாட்டு நிலைவாசல் என்பது, தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அடங்கும் செட்டிநாட்டுப் பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய வீடுகளின் தலைவாயிலில் பொருத்தப்பட்டுள்ள, சிற்ப வேலைப்பாடு மிகுந்த மரநிலையையும் அதன் இரட்டைக் கதவையும் குறிக்கும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோத்தமங்கலம் முதலிய ஊர்களில் இவற்றைக் காணலாம். இப்போது எஞ்சியுள்ளவற்றுள் பெரும்பாலானவை 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. தமிழர் வீட்டு வாயில்களைச் சிற்பங்களால் அணி செய்யும் மரபு மிகப் பழையதாயினும், அது மர வேலையில் உச்சத்தை எட்டியது இவ்வீடுகளிலேயே எனலாம்.

சொல்லும் உறுப்புகளும்

கதவைத் தாங்கி நிற்கும் சட்டகம் தமிழில் நிலை எனப்படுகின்றது. இருபுறமும் செங்குத்தாக நிற்கும் மரங்கள் நிலைக்கால்கள். அவற்றின் மேல் குறுக்காகக் கிடப்பது உத்தரம். கீழே கிடப்பது வாசற்படி. சாதாரண வீடுகளில் நிலை இந்நான்கு மரங்களோடு முடிந்துவிடும். செட்டிநாட்டு நிலைவாசலில் இவற்றைச் சுற்றி மேலும் சில அடுக்குச் சட்டங்கள் ஒன்றைவிட ஒன்று வெளிநீட்டியவாறு அமைக்கப்படுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியான செதுக்கு வேலை கொண்டது. உத்தரத்துக்கு மேல் அகன்ற செதுக்குப் பலகை ஒன்று இருக்கும். வாசலின் முதன்மைச் சிற்பம் இடம்பெறுவது இப்பலகையிலேயே.

கதவு இரட்டைக் கதவாக இருக்கும். பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஓரக்கட்டை மேலும் கீழும் குடுமியாக நீட்டப்பட்டு, நிலையிலுள்ள குழிகளில் பொருந்திச் சுழலும். கதவின் முகத்தில் பித்தளைக் குமிழ்களும் பூக்களும் வரிசையாகப் பதிக்கப்படுவதுண்டு.

இந்நிலை தெருவை ஒட்டி நிற்பதில்லை. தெருவிலிருந்து வருபவர் முதலில் தூண்களும் திண்ணைகளும் உள்ள முகப்பை அடைவர். முகப்பிலிருந்து முற்றத்தைச் சூழ்ந்த வளவுக்குச் செல்லும் வாயிலே நிலைவாசல் ஆகும். அடுத்தடுத்த கட்டுகளின் வாயில்கள் பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்போது தலைவாயிலில் நிற்பவர் வீட்டின் பின்கோடிவரை பார்க்க இயலும். திண்ணைவரை வர யாருக்கும் தடையில்லை. நிலையைத் தாண்டுவதற்கு வீட்டாரின் அழைப்பு வேண்டும். வீட்டின் சிறந்த சிற்பங்கள் இந்த எல்லைக்கோட்டில் குவிக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று.

இலக்கியச் சான்று

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனையின் வாயிலை விரிவாக விளக்குகின்றது. இரும்பால் பிணிக்கப்பட்ட கதவு, உத்தரம் என்னும் நாண்மீனின் பெயர் கொண்ட குறுக்குமரம், நெய்யும் வெண்சிறுகடுகும் பூசப்பட்ட உயர்ந்த நிலை ஆகியவை அதில் கூறப்படுகின்றன. குவளை மலரும் பெண்யானைகளும் அவ்வாயிலில் செதுக்கப்பட்டிருந்ததாகவும் பாட்டில் குறிப்பு உள்ளது. இவ்விடத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், நடுவே திருமகளும் இருபுறமும் மலர்களும் பெண்யானைகளும் அமைந்த வடிவம் என விளக்குகின்றார். பாட்டில் திருமகள் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. உரையாசிரியர் தம் காலத்து வாயில்களைக் கண்டு அவ்வாறு எழுதியிருக்கவும் கூடும். எவ்வாறாயினும், கதவுக்கு மேல் யானைகளோடு கூடிய திருமகளை அமைக்கும் வழக்கம் நகரத்தார் வீடுகளுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பது இதனால் தெளிவாகின்றது.

மரமும் வேலைமுறையும்

நிலைவாசலுக்குரிய மரம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. 1852 இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின், நகரத்தார் அங்கு நெல் விளைவிப்போருக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் பெருமளவில் ஈடுபட்டனர். அத்தொழிலில் ஈட்டிய பொருளும் அந்நாட்டுத் தேக்கும் கப்பல்வழியே தமிழ்நாட்டுக்கு வந்தன. இலங்கையிலிருந்து முதிரை மரமும் கொண்டுவரப்பட்டது. நீர்வளம் குறைந்த ஒரு பகுதியில் இத்தனை பெரிய மரவேலை எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு இவ்வணிகமே விடையாகும். மரம் வெளிநாட்டைச் சேர்ந்ததாயினும் செதுக்கியவர்கள் உள்ளூர்த் தச்சர்களே. கோயில் தேர்களைச் செய்த அதே கைகளின் மரபு இது. தேரின் அடித்தட்டில் காணும் யாளி, கொடிக்கருக்கு, தாமரைப் பட்டை ஆகியவற்றை நிலைக்கால்களிலும் காணலாம்.

நிலையின் உறுப்புகள் கழுந்தும் துளையுமாகக் கோக்கப்பட்டு மர ஆணிகளால் இறுக்கப்படுகின்றன. மரம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப விரிந்து சுருங்க இம்முறை இடம் தருகின்றது. சுவரை இடித்துவிட்டால் நிலையைச் சேதமின்றிக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதும் இம்முறையின் விளைவே. இதுவே பிற்காலத்தில் நிலைவாசல்களுக்குத் தீங்காக முடிந்தது.

சிற்பங்கள்

மேற்பலகையின் நடுவில் பெரும்பாலும் இடம்பெறுவது கஜலட்சுமி. தாமரையில் அமர்ந்த திருமகளுக்கு இருபுறமும் யானைகள் துதிக்கையால் நீராட்டும் இவ்வடிவம் பார்குத், சாஞ்சி ஆகிய இடங்களின் பௌத்தச் சிற்பங்களிலேயே காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் மாமல்லபுரம் வராக மண்டபத்தில் உள்ள 7 ஆம் நூற்றாண்டுச் சிற்பம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். வீட்டுவாயிலில் இவ்வடிவத்தை வைப்பதற்குச் செல்வத்தை வேண்டுதல் என்ற பொருளே பொதுவாகக் கூறப்படுகின்றது. யானை நீர் பொழிவது மழையைக் குறிக்கும் என்ற விளக்கமும் உண்டு. மழையை நம்பிக் கண்மாய்களோடு வாழும் செட்டிநாட்டில் இரண்டாவது விளக்கமும் பொருத்தமானதே.

கஜலட்சுமிக்கு அடுத்த நிலையில் இராமர் பட்டாபிஷேகம், குழலூதும் கண்ணன், மீனாட்சி திருக்கல்யாணம் ஆகியன செதுக்கப்பட்டுள்ளன. நகரத்தார் சைவர்களாக இருந்தும் வீட்டு வாயில்களில் திருமாலின் கதைகள் தயக்கமின்றி இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. கோயில் வாயிலில் எந்தத் தெய்வம் எங்கு இருக்க வேண்டும் என்பதற்கு ஆகம விதி உண்டு. வீட்டு வாயிலில் உரிமையாளரின் விருப்பமும் தச்சரின் கைப்பழக்கமும் கலந்தே முடிவு செய்தன.

நிலைக்கால்களில் கிளி, மயில், அன்னம், யாளி, பூங்கொடி ஆகியவை அடியிலிருந்து மேலேறிச் செல்லும். கொடி ஒன்றன் வாயிலிருந்து புறப்பட்டு மற்றொன்றன் அலகில் முடிவதுபோல் தொடர்ச்சியாக அமைப்பது தேர்ந்த தச்சரின் வேலை. கிளிகளைத் தனித்தனியே செதுக்கி ஒட்டியதுபோல் தோன்றினால் அது பிற்கால வேலையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மரநிலையோடு வாயிலின் அலங்காரம் முடிந்துவிடுவதில்லை. முகப்பின் உச்சியிலும் கைப்பிடிச் சுவரிலும் சுண்ணாம்புச் சுதையால் செய்து வண்ணம் தீட்டிய உருவங்கள் நிற்கும். இங்கும் நடுவில் திருமகளே இருப்பாள். ஆனால் சில முகப்புகளில் அவளுக்குப் பக்கத்தில் சிறகுள்ள ஐரோப்பியத் தேவதைகளும், சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் காணப்படுகின்றனர். கோயிலில் துவாரபாலகர் நிற்கும் இடத்தில் வீட்டுக்குச் சிப்பாய் காவல் நிற்கின்றான். அக்காலத்தில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. சில வீடுகளில் கட்டி முடித்த ஆண்டும், விலாசம் எனப்படும் குடும்பத்தின் முதலெழுத்து வரிசையும் சுதையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

வழக்கங்கள்

வீடு கட்டும்போது நிலை வைத்தல் தனிச் சடங்காக நல்ல நாளில் நடைபெறும். வாசற்படியின் அடியில் நவதானியம், நாணயம் முதலியன இடப்பட்டு, நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் பூசி மாவிலைத் தோரணம் கட்டப்படும். இவ்வழக்கம் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் பரவலாக உள்ளது. படியை மிதிக்கலாகாது, படியில் உட்காரலாகாது என்பதும் பொதுவான நம்பிக்கையே. நாள்தோறும் படிக்கு நேரே கோலம் இடப்படுகின்றது.

வீழ்ச்சியும் விற்பனையும்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் வாங்கியோர் பணத்தைத் திருப்ப இயலாமையால், கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நகரத்தார் கைக்கு மாறியது. 1942 இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியது. 1948 இல் விடுதலை பெற்ற பர்மாவின் அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மரமும் பணமும் வந்த வழி இவ்வாறு அடைபட்டது. புதிய பெருவீடுகள் எழுவது ஏறக்குறைய நின்றுபோனது. குடும்பங்கள் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தன.

ஒரே வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுச் சொத்தாக இருப்பதும் சிக்கலைக் கூட்டியது. ஆண்டில் சில நாள் மட்டும் திறக்கப்படும் வீட்டின் கூரையைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பாடு ஏற்படுவது அரிது. வீட்டைப் பிரித்து விற்றால் மட்டுமே எல்லோருக்கும் பங்கு கிடைக்கும் என்ற நிலையில், தூணும் உத்திரமும் நிலையும் தனித்தனியாக விலை பேசப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகள் இவ்வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து செல்லும் நிலைகள் விடுதிகளின் வரவேற்பறைகளில் அலங்காரமாகவும், கண்ணாடிச் சட்டங்களாகவும் மாறுகின்றன. கதவுகள் மேசைப் பலகைகள் ஆகின்றன. அடுக்குச் சட்டங்களைப் பிரித்துச் செதுக்குப் பட்டைகளாகத் தனித்தனியே விற்பதே மிகப் பெரிய இழப்பாகும். அதன்பின் அந்நிலை எந்த ஊரின் எந்த வீட்டைச் சேர்ந்தது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறிய வழியில்லை.

சட்டமும் பாதுகாப்பும்

1972 ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பங்களையும் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பொருள்களையும் தொல்பொருள் என வரையறுக்கின்றது. அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. உள்நாட்டில் வணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும். எனினும் வீட்டின் உரிமையாளர் தம் வீட்டைப் பிரிப்பதை இச்சட்டம் தடுப்பதில்லை. மேலும் 1930களில் செய்யப்பட்ட நிலைகள் 2030களிலேயே 100 ஆண்டு வரம்பை எட்டும்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996 இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடு ஒன்று பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டுள்ளது. நிலைவாசலை அதற்குரிய முகப்போடும் வளவோடும் சேர்த்துக் காண விரும்பும் மாணவர்களுக்கு இது பயன்படும். கானாடுகாத்தான், கோத்தமங்கலம் முதலிய ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்டதால் அவற்றின் வாயில்கள் இருந்த இடத்திலேயே தப்பியுள்ளன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புதிய வீடுகளுக்குச் செட்டிநாட்டுப் பாணியில் நிலை செய்து தரும் தச்சர்கள் காரைக்குடிப் பகுதியில் இன்றும் உள்ளனர். இவற்றிலும் மேற்பலகையில் கஜலட்சுமியே செதுக்கப்படுகின்றாள்.