காலையில் புளிக்கும் இலை

ரணகள்ளியின் இலையைப் பறித்து நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பில் குருத்துகள் அரும்பிவிடும் என்பதால், தமிழகத்தில் அச்செடிக்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்ற பெயரும் வழங்குகிறது. பெயரில் கள்ளி இருந்தாலும் அது கள்ளி இனத்தைச் சேர்ந்ததன்று. சதுரக்கள்ளியைக் கீறினால் வெண்பால் வடியும், ரணகள்ளியில் கசிவதோ நிறமற்ற சாறு. தண்டின் அடியில் தனி இலைகளும், மேலே மூன்று முதல் ஐந்து வரை சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகளும், செந்நிறம் படர்ந்து வட்டப் பற்களாக வெட்டுண்ட விளிம்பும், பனிக்காலத்தில் காகிதப் பைபோல் ஊதித் தொங்கும் பூக்களும் இதன் அடையாளங்கள். இலை தண்டில் இருக்கும்போதே விளிம்பெங்கும் குட்டிகளை வரிசையாகச் சுமந்து நிற்பது பெரும்பாலும் இதன் உறவுச்செடியே. ரணகள்ளி பொதுவாக இலை பிரிந்த பின்னரே குட்டி போடும்.

மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் வழியாக இங்கிலாந்தை அடைந்தது; 1805இல் சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர், கிரேக்க மொழியில் 'முளைக்கும் இலை' எனப் பொருள்படும் பிரையோஃபில்லம் என்ற பெயரை இதற்குச் சூட்டினார். ஆனால் இதன் வரலாற்றில் முதன்மையான இடம், சமயப் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்னேக்கு உரியது. இவ்விலையை வேளைதோறும் மென்று பார்த்த அவர், அது காலையில் கடும் புளிப்பாகவும், நண்பகலில் சுவையற்றும், மாலையில் சற்றே கசந்தும் இருப்பதை 1813இல் ஒரு கடிதத்தில் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815இல் வெளியிட்டது. கருவி எதுவுமின்றி நாவையே நம்பிச் செய்யப்பட்ட இச்சோதனை, எளிமையிலும் நுட்பத்திலும் பெரும் பாராட்டுக்குரியது.

அப்புளிப்பின் காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. வறண்ட நிலத்துச் செடி பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், ரணகள்ளி இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, மாலிக் அமிலமாக இலைக்குள் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அவ்வமிலத்தைச் சிதைத்து, அதிலிருந்து வெளிப்படும் வாயுவைக் கொண்டு வெயிலில் உணவு தயாரிக்கிறது. இச்செடி அடங்கிய குடும்பத்தின் பெயரால் இம்முறை கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம் எனப்படுகிறது.

வளர்ப்பு முறையும் இதிலிருந்தே பெறப்படுகிறது. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மணல் கலந்த மண்ணும், அடியில் துளையுள்ள தொட்டியும், நல்ல வெளிச்சமும் தந்து, மேல்மண் நன்கு காய்ந்த பிறகு மட்டுமே நீர் விடுதல் வேண்டும். ஹெய்னே மென்றார் என்பதற்காக எவரும் மென்று பார்க்கலாகாது. இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் இச்செடியில் உள்ளன, மேய்ந்த மாடுகள் இறந்ததும் உண்டு.

வைமாரில் இதை ஆர்வத்துடன் வளர்த்த ஜெர்மானியக் கவிஞர் கோதே, நண்பர்களுக்கு இலைகளை அனுப்பிவைத்தார். ஜெர்மனியில் இது இன்றும் கோதேச் செடி என்றே அழைக்கப்படுகிறது. சேமித்த நீரைக் கொண்டு பல நாள் வாடாதிருக்கும் அவ்விலையை ஈர மண்மீது படுக்க வைத்தால் போதும். பற்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் வேரும் குருத்தும் அரும்பி, குட்டி மண்ணைப் பற்றிக்கொள்ளும்போது தாயிலை சுருங்கிக் காய்ந்திருக்கும்.