தோல்விக்குப் பின் ஆண்மை: போருக்குப் பிந்திய செருமானியத் திரைப்படங்கள் (1946–1959)

ஒரு நாட்டினர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தை அவர்தம் சட்டங்களால் மட்டுமன்றி, அவர்கள் விரும்பிக் கண்ட திரைப்படங்களாலும் அறியலாம். 1945ஆம் ஆண்டு மே திங்களில் செருமனி தோல்வியுற்றது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட அந்நாட்டுப் போர்வீரர் மாண்டனர். எஞ்சியோருள் பலர் நெடுநாள் சிறையிலிருந்தனர். அதுவரை போர்வீரனையே ஆண்மைக்கு இலக்கணமாகக் கொண்டிருந்த ஒரு சமுதாயம், இனி எவனை ஆண்மகன் என்று போற்றும்? இவ்வினாவிற்குத் திரைப்படங்கள் அளித்த விடைகளை ஈண்டு ஆராய்வோம்.

முதல் விடை நேர்மையானது. 1946இல் பெர்லினில் வெளிவந்த, வோல்ஃப்காங் ஸ்டவுட்டேயின் 'கொலைஞர் நம்மிடையே உளர்' என்னும் படத்தின் தலைவன், போரிலிருந்து மீண்ட மருத்துவன். அவன் குடியில் ஆழ்ந்து கிடக்கின்றான். போலந்தில் குடிமக்களைக் கொல்விக்க ஆணையிட்ட அவனுடைய மேலதிகாரியோ, போர்வீரரின் தலைக்கவசங்களைச் சமையற் கலங்களாக மாற்றி விற்றுச் செல்வனாக வாழ்கின்றான். மருத்துவன் அவனைக் கொல்லத் துணியும்போது, வதைமுகாமிலிருந்து மீண்ட பெண் தடுக்கின்றாள். பழிவாங்குதல் அன்று, நீதிமன்றமே வழி என்பது முடிவு. ஈண்டு ஆணின் நோய்க்குக் காரணம் தோல்வியன்று, குற்றமே என்பது தெளிவு.

ஐந்தாண்டுகளில் நிலை மாறிற்று. 1951இல் மக்கள் திரண்டு கண்ட 'பசும் புதர்வெளி' என்னும் படத்தில், கிழக்கே தன் நிலத்தை இழந்து வந்த முதியவர் களவாக வேட்டையாடுகின்றார். அவர் மகளை விரும்பும் இளைஞனோ காட்டைக் காக்கும் அலுவலன். அவனும் சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்துகின்றான். ஆயினும் கொல்பவனல்லன், காப்பவன். இவ்வாறு பழைய ஆண்மை புதிய உருவில் மீள்கின்றது. இழப்பு பேசப்படுகின்றது, அவ்விழப்பிற்குக் காரணமான போரை யார் தொடுத்தனர் என்பது பேசப்படவில்லை.

1954இல் '08/15' என்னும் படம் வெளிவந்தது. மேற்கு செருமனி மீண்டும் படை அமைப்பதைப் பற்றி நாடே வாதிட்ட காலம் அது. 1955 நவம்பரில் புதிய படையும் தோன்றிற்று. படைமுகாமின் கொடுமையை அப்படம் எள்ளி நகையாடியது உண்மையே. ஆயினும் தீமையைச் சில கொடிய அதிகாரிகள்மேல் ஏற்றி, எளிய வீரனை நல்லவனாக்கியது. குற்றமற்ற வீரன் என்னும் இவ்வுருவம் புதிய படைக்கும் பயன்பட்டது என்று கருதுகின்றோம்.

இல்லத்திலும் இம்மீட்பு நிகழ்ந்தது. 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் ஆணும் பெண்ணும் நிகர் என்றது. ஆயினும் 1958இல் நடைமுறைக்கு வந்த சட்டம்கூட, இல்லறக் கடமைக்கு ஊறு நேராதவரையே மனைவி வேலைக்குச் செல்லலாம் என்று வரையறுத்தது. இந்நிலை 1977 வரை நீடித்தது. இடிபாடுகளை அகற்றிய பெண் திரையில் மணமகளாகச் சுருங்கியதை இதனோடு இயைத்துக் காணல் வேண்டும்.

1959இல் பெர்னார்ட் விக்கியின் 'பாலம்' இவ்வமைதியைக் குலைத்தது. பள்ளிச் சிறுவர் எழுவர், போர் முடியும் தறுவாயில், பயனற்ற ஒரு பாலத்தைக் காக்கின்றனர், ஒருவனே எஞ்சுகின்றான். அவர்களைக் கொன்றது பகைவரின் படைக்கலம் மட்டுமன்று, வீரம் பற்றி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடமுமாகும்.

ஆகவே, திரைப்படம் நாட்டின் நினைவைக் காக்கும் பெட்டகம் மட்டுமன்று. எதை மறக்கலாம் என்று பயிற்றும் பள்ளியுமாகும். அக்காலப் படங்களில் யார் காட்டப்பட்டனர் என்பதோடு, யார் காட்டப்படவில்லை என்பதையும் ஆராய்தல் வரலாற்று மாணவரின் கடனாம்.