புதுவை அலைவரிசைகள் – 14: வானொலிக்குப் படியளப்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார்?

1967 செப்டம்பர் 23-ஆம் தேதி புதுச்சேரி வானொலி நிலையம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பிரெஞ்சு நிர்வாகம் கைமாறி அப்போது பதின்மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையில், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று ஒரு விதி இருந்தது. உடன்படிக்கைக்கு 1962-இல் பிரான்சின் ஒப்புதல் கிடைத்தது. 1965-இல் புதுவைச் சட்டமன்றம் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழை அமர்த்தியது. மாஹேவில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடம் ஒதுக்கியது. இவ்வளவு தெளிவாகத் தன் மொழியைத் தானே தீர்மானித்துக்கொண்ட ஒரு சட்டமன்றத்துக்கு, அதே மொழியில் தன் ஊரிலிருந்து பேசத் தொடங்கிய வானொலியைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வழியில்லை. ஒலிபரப்பு, அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலில் 31-ஆவது இனம். கோரிமேட்டுப் பக்கம் இந்திரா நகரில் உள்ள நிலையத்தில் என்ன நடந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டெல்லியில் இருக்கிறார். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்த இடைவெளியின் வரலாற்றை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு மொழிச் சேவைக்குப் பணம் வருவது மட்டும் போதாது. கணக்குக் கேட்கும் உரிமை அந்த மொழிக்காரர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் இந்தத் தூரம் மிகக் குறைவாகவே இருந்தது. சென்னையில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய வானொலிச் சங்கம் உறுப்பினர்களின் பணத்தில் நடந்தது. மூன்றே ஆண்டுகளில் பணமில்லாமல் நின்றது. அதன் கருவிகளை ஏற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் 1938 வரை, மத்திய அரசு வந்து எடுத்துக்கொள்ளும்வரை, தானே ஒலிபரப்பு நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே பாட்டுக் கேட்க வைத்த காலம் அது. நிகழ்ச்சிகள் எளிமையானவைதாம். ஆனால் செலவழித்தது வரி கட்டுகிறவர்களின் மன்றம். நிகழ்ச்சி பிடிக்காவிட்டால் வட்ட உறுப்பினரைத் தெருவிலேயே நிறுத்திக் கேட்கலாம். இந்திய ஒலிபரப்பின் வரலாற்றில் பணம் கொடுப்பவரும் கேட்பவரும் கேள்வி கேட்பவரும் ஏறக்குறைய ஒரே ஆட்களாக இருந்தது அந்த எட்டு ஆண்டுகளில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இதற்குச் சற்று முன் தனியார் நிறுவனம் ஒன்று, வானொலிப்பெட்டி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் என்று வசூலான உரிமக் கட்டணத்தின் பெரும்பங்கை நம்பி 1927-இல் இறங்கி, 1930-இல் திவாலானது. சில ஆயிரம் பெட்டிகளே இருந்த நாட்டில் அந்தக் கட்டணம் எந்த மூலைக்கு? அரசு கையில் எடுத்தது; 1936-இல் அகில இந்திய வானொலி என்று பெயர் சூட்டியது.

உரிமக் கட்டணம் மட்டும் நீடித்தது. புதுவையில் நிலையம் வந்த பிறகும், வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் நிலையத்துக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பித்தாக வேண்டும். 1985-இல் அது ஒழிந்தபோது யாரும் வருந்தவில்லை. அந்த லைசென்ஸ் நேயருக்கு எந்த வாக்குரிமையும் தரவில்லை, பிறகு அதை இழந்ததில் என்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தக் கட்டணம் இருந்தவரை, நிலையத்தின் வருவாய்க் கணக்கில் நேயர் என்று ஓர் ஆள் இருந்தார். அதன்பின் முழுச் செலவும் மத்திய அரசின் பொதுக் கருவூலத்துக்கும் விளம்பரத்துக்கும் போனது. இன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைப் புரட்டினால், வானொலியை நடத்தும் பிரசார் பாரதிக்கு இத்தனை கோடி என்று மொத்தத் தொகையாக இருக்கும்; தமிழுக்கு எவ்வளவு, அதில் புதுவைக்கும் காரைக்காலுக்கும் எவ்வளவு என்று வரவு செலவுத் திட்டம் பிரித்துச் சொல்வதில்லை. 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்பு மேம்பாட்டுக்கென்று 2,539.61 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. கோபுரங்களுக்கும் கருவிகளுக்கும் பணம் தேவைதான். ஆனால் ஒலிபரப்பியின் ஆற்றல் கூடுவதால் மட்டும் அதில் பேசப்படும் தமிழின் அளவோ தரமோ கூடிவிடாது.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி ஆளும் தரப்பின் ஊதுகுழலானதைப் பார்த்த பிறகு, பி.ஜி. வர்கீஸ் குழு 1978-இல் தன்னாட்சி அறக்கட்டளை ஒன்றைப் பரிந்துரைத்தது. 1990-இல் வி.பி. சிங் அரசு பிரசார் பாரதி சட்டத்தை நிறைவேற்றியது; அது நடைமுறைக்கு வர 1997 செப்டம்பர் ஆனது. இடையில் 1995-இல், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பல பகுதிகளின் மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடம் தருவது இந்தச் சட்டப்படி நிறுவனத்தின் கடமை. அதைக் கண்காணிக்க இரண்டு ஏற்பாடுகளும் உண்டு: 13-ஆம் பிரிவின்படி 22 நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட குழு, 14-ஆம் பிரிவின்படி மக்களின் புகார்களைக் கேட்டு முடிவு சொல்லும் ஒலிபரப்பு மன்றம். அந்த மன்றம் தேவைக்கேற்ப வட்டார மன்றங்களையும் அமைத்துக்கொள்ளலாம். கால் நூற்றாண்டு கடந்தும் இவை உயிருள்ள அமைப்புகளாக எழவில்லை. 2014-இல் அறிக்கை தந்த சாம் பிட்ரோடா குழுவும் இந்தக் குறையைப் பேசியது; ஊழியர் நியமனத்துக்கும் விதிகளுக்கும் நிதிக்கும் நிறுவனம் அரசின் கையையே பார்த்து நிற்பதையும் பேசியது. 2007 அக்டோபர் 5-க்கு முன் பணியில் இருந்தவர்களின் ஊதியத்தை இன்றும் அரசே தருகிறது. சம்பளம் ஒரு கையிலும் சுதந்திரம் மறு கையிலும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

மன்றம் இல்லாததன் விளைவு 2024 அக்டோபரில் தெரிந்தது. பிரசார் பாரதியின் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் தமிழக ஆளுநர் கலந்துகொண்ட விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டது. முதலமைச்சர் கண்டித்தார், கட்சிகள் கொதித்தன, நிலையம் மன்னிப்புக் கேட்டது. அரசியல் சூடு இருந்ததால் இந்தப் பிழைக்கு உடனே பதில் கிடைத்தது. பாரதிதாசனின் பாட்டையே தமிழ்த்தாய் வாழ்த்தாகக் கொண்ட புதுவையில், உள்ளூர்ச் செய்திக்கான நேரம் குறைந்தாலோ, பயிற்சி போதாத தற்காலிக அறிவிப்பாளரை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளினாலோ யார் கொதிப்பார்கள்? நேயர் கடிதம் எழுதலாம். ஆலோசனைக் குழு இருந்தால் அது ஆலோசனை சொல்லலாம். பதில் சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வெளியே ஓர் ஒப்பீடு உதவும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2021 கணக்குப்படி வேல்ஷ் மொழி பேசுவோர் ஏறக்குறைய 5.38 லட்சம், 2011-இல் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகையே 12.48 லட்சம். அந்தச் சிறு மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்குறுதியிலிருந்து தாட்சர் அரசு பின்வாங்கியபோது, 1980-இல் க்வின்வர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். உண்ணாவிரதத்தில் உயிர்நீத்த சங்கரலிங்கனாரை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல; அங்கே உண்ணாவிரதம் தொடங்குவதற்கு முன்பே அரசு இறங்கிவந்தது என்பதுதான் வேறுபாடு. 1982 நவம்பர் 1-இல் எஸ்4சி என்ற அந்த வேல்ஷ் தொலைக்காட்சி பிறந்தது. அதன் நிதி விலைவாசியோடு உயரும் என்று சட்டமே பின்னர் உறுதி தந்தது. 2011-இல் அந்த உறுதி போயிற்று, நிதி வெட்டப்பட்டது, சுமை படிப்படியாக பிபிசியின் உரிமக் கட்டணத்துக்கு மாறி, 2022 முதல் பொதுநிதி முழுவதும் அதிலிருந்தே, ஆண்டுக்குச் சுமார் 9 கோடி பவுண்டு, வருகிறது. அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பணியிடப் புகார்களைத் தொடர்ந்து 2023-இல் அதன் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். ஆனால் விசாரணை அறிக்கை வெளியானது. பொறுப்பாளர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து பதில் சொல்கிறார்கள். மொழிக்கென ஒதுக்கிய தொகையை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். நமக்கு அந்தத் தொகையே தெரியாது.

அப்படியானால் வானொலியை மாநில அரசிடம் கொடுத்துவிடலாமே என்பது தமிழகத்திலும் புதுவையிலும் அடிக்கடி கேட்கும் பதில். வேல்ஸிலும் ஒலிபரப்பு அதிகாரத்தைத் தங்கள் பேரவைக்கு மாற்றக் கேட்கிறார்கள். தூரம் குறையும் என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. ஆனால் கட்சிக்கொரு தொலைக்காட்சி நடக்கும் நம் ஊரில், அரசின் கைக்குப் போகும் வானொலி ஆளும் கட்சியின் கைக்குப் போகாது என்று நம்ப எனக்குத் துணிவில்லை. அரசுகள் ஒலிபரப்பில் இறங்கவே கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் பரிந்துரைத்ததும் இந்த அச்சத்தால்தான். எசமானை மாற்றுவதால் கணக்குக் கேட்கும் இடம் தானாக உருவாகிவிடாது.

தனியார் பண்பலைகளும் யூடியூபும் நிரம்பிய காலத்தில் இதெல்லாம் எதற்கு என்போருக்கு ஒரு செய்தி: நம் நாட்டில் தனியார் பண்பலையோ, புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி போன்ற சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. வானொலிச் செய்தி என்றால் அது அரசுப் பணத்தில் நடக்கும் நிலையத்தின் செய்திதான். ஒரே கடை என்று சட்டமே ஆக்கிவைத்த பிறகு, பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்று நேயரிடம் சொல்ல முடியாது. 2011 தானே புயலும் 2024 ஃபெஞ்சல் புயலும் கரை கடந்த இந்தக் கடலோரத்தில், மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒருசேரப் படுத்துவிடும் இரவில், பேட்டரி போட்ட ரேடியோவுக்கு உள்ளூர்த் தமிழில் தகவல் தர வேறு ஆளில்லை.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மக்களவையில் ஒருவரும் மாநிலங்களவையில் ஒருவருமாகப் புதுவைக்கு இரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 13, 14-ஆம் பிரிவுகளின் அமைப்புகள் எப்போது அமையும், தென்னகத்துக்கு வட்டார மன்றம் எப்போது வரும், தமிழ் ஒலிபரப்புக்கான ஒதுக்கீடு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அவர்கள் அடுத்த கூட்டத்தொடரில் எழுப்ப வேண்டும். கேட்கச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள்.