கடைசியில் நிற்கிறவன்

கொடைக்கானல் போகிறவர்கள் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்று சுற்றிவிட்டு, சாக்லேட்டும் தைலமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் அட்டுவம்பட்டிக்குப் போகிறவர்கள் குறைவு. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்றால் சிலருக்குத் தெரியும்.

அங்கே ஒரு சாயங்காலம், சரிவை வெட்டிச் சமன் செய்த சின்ன இடத்தில் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதிலாக இரண்டு புத்தகப் பைகள். பைகளுக்குப் பின்னால் நாலடி தள்ளி, தரை சட்டென்று இறங்குகிறது. கீழே படிப்படியாகத் தோட்டம். பந்து தாண்டிப் போனால் நேராகப் பள்ளம்தான்!

கோலில் நின்றவன் நெட்டையான பையன். சாயம் போன மஞ்சள் பனியன், முதுகில் 'காஸியாஸ்' என்ற பெயர்.

''ஏன் தம்பி, நீ மட்டும் ஓடி ஆடாம இங்கேயே நிக்கிறே?''

''ஒசரமா இருக்கேன்னு நிக்க வெச்சுட்டானுங்க சார். விட்டா, நான்தான் கீழே இறங்கி எடுத்துட்டு வரணும்.''

கோல்கீப்பர் என்ற பிறவியின் மொத்தக் கதையையும் அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். யோசித்துப் பாருங்கள்... முன்னால் ஆடுகிறவன் பத்துத் தடவை கோட்டை விட்டு ஒரு தடவை கோல் போட்டால், அவன் ஹீரோ. கோல்கீப்பர் பத்துத் தடவை பிடித்து ஒரு தடவை விட்டால்?

அந்தப் பனியனுக்குச் சொந்தக்காரரான ஸ்பெயினின் இகர் காஸியாஸ் விஷயத்தில் உலகம் நியாயமாகவே நடந்துகொண்டது. 2010 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் ராபன் தனியாளாகப் பந்தோடு வர, அதைக் காலால் தட்டிவிட்டவர் அவர். கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவரும் அவரே. 2020-ல் ஓய்வு பெற்றபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஸ்பெயினில் ஒரு வழக்கமும் உண்டு. லீகில் சராசரியாகக் குறைந்த கோல் விட்ட கோல்கீப்பருக்கு வருஷாவருஷம் பரிசு. அதன் பெயர் 'ஸமோரா கோப்பை'. ரிகார்டோ ஸமோரா என்ற பழைய கோல்கீப்பரின் பெயரில் 1950-களின் கடைசியில் ஆரம்பித்தது, இன்றும் தொடர்கிறது.

சரி, நம்ம ஊர் ஸமோரா யார்?

பீட்டர் தங்கராஜ். பெயரிலேயே தமிழ் மணக்கும் இந்த மனிதரை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1935-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். ஆறடியையும் தாண்டிய உயரம். 1953 வாக்கில் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் குன்னூரை ஒட்டியுள்ள வெலிங்டனுக்கு வந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான். அதுவும் அட்டுவம்பட்டி போல மலை ஊர்தான். வந்தபோது அவர் கோல்கீப்பரே இல்லை, கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டு! பிறகுதான் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். அங்கேயே நிலைத்துவிட்டார். அந்த ரெஜிமென்ட் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் தங்கராஜ் இருந்தார். மெல்போர்னில் இந்தியாவுக்கு நாலாவது இடம். ரோமில் பிரான்ஸோடு 1-1 என்று டிரா. ஆமாம், நம்ம இந்தியாதான்! 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

ஆனால், அவருடைய உண்மையான பரீட்சை 1962-ல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வந்தது.

நேரம் பார்த்துக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் போட்டது. அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நின்றார். நன்றாகவே நின்றார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று இந்தியா ஜெயித்தது. இறுதிப்போட்டி தென் கொரியாவோடு. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே அணி.

பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஒரு முடிவெடுத்தார். கொரியர்கள் தூக்கி அடிக்கிற உயரப் பந்துகளுக்குத் தங்கராஜின் உயரம் வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவரை கோலில் நிறுத்தினார். ஜெயித்துக் கொடுத்த பர்மன் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் வேலையின் இன்னொரு கொடுமை இது. இடம் ஒன்றுதான். ஒருவர் நிற்க வேண்டுமென்றால் இன்னொருவர் உட்கார வேண்டும்.

செப்டம்பர் 4. அரங்கத்தில் ஏறக்குறைய லட்சம் பேர். அத்தனை பேரும் நமக்கு எதிர்! இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷியா இடம் தராததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி.சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபம் ஒன்றும் அறியாத பதினோரு பேர் மேல் இறங்கியது. பந்து காலுக்கு வந்தாலே கூச்சல். அதற்கு நடுவே பி.கே.பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று என்று இருபது நிமிஷத்துக்குள் இரண்டு கோல்.

மிச்சமிருந்த எழுபது நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்கோ காயம் காரணமாக முன்னால் ஆடுகிறார். முதுகுக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் ஊளையிடும் கூட்டம், உடம்பில் காய்ச்சலின் களைப்பு. 85-வது நிமிஷத்தில் ஒரே ஒரு பந்து தங்கராஜைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான். 2-1. தங்கம்!

அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா தங்கம் வாங்கவே இல்லை. 1970-ல் வாங்கிய வெண்கலத்தோடு சரி. ரஹீம் அடுத்த வருஷமே புற்றுநோயில் இறந்துபோனார். தங்கராஜ் கொல்கத்தாவின் மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. 2008 நவம்பரில், 72 வயதில், பொக்காரோவில் காலமானார்.

ஸமோரா பெயரில் கோப்பை இருக்கிறது. தங்கராஜ் பெயர் அவர் காத்து நின்ற வெலிங்டன் மலையைத் தாண்டி நம் காதுக்குக்கூட வந்து சேரவில்லை. கோல் போட்டவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் நாம், போட விடாதவரை மறந்துவிடுகிறோம்.

அட்டுவம்பட்டிப் பையனிடம் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கண்ணை பந்திலிருந்து எடுக்காமலே கேட்டான்.

''ஃபைனல்ல எத்தனை விட்டாரு சார்?''

''ஒண்ணு.''

''காய்ச்சலோட ஒண்ணுதானா?'' என்றவன், ''நான் இன்னிக்கு மூணு சார்'' என்றான்.

அதற்குள் நாலாவது வந்துவிட்டது. அவன் சலித்துக்கொள்ளவில்லை. சரிவில் இறங்கி ஓடினான்.