பலாலி விமானத்தளம்

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது பலாலி விமானத்தளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படைக்காக அமைக்கப்பட்டது. படைக்காகப் பிறந்ததால் இதைப் படைத்தளமாகவே எண்ணுவது பலருக்கு வழக்கம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகளில், 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயண விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அறியப்பட்ட இத்தளத்தில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே யாழ்ப்பாணம் விமானப் பாதையில் இடம்பிடித்துவிட்டது. பாக்கு நீரிணையின் இரு கரைகளும் இத்தனை நெருக்கமாக இருக்க, வணிகமும் படிப்பும் கோயில் பயணமும் உறவும் இந்த ஓடுபாதையைத் தேடி வந்ததில் வியப்பில்லை.

இது வெறும் படைத்தளமல்ல என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உள்நாட்டு யுத்த காலத்தில் பலாலி இல்லாவிட்டால் யாழ் குடாநாட்டில் அரச படைகள் நிலைத்திருக்க முடியாது என்பார்கள். அது உண்மைதான். 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியது இங்கேதான். அவ்வாண்டு அக்டோபரில் யாழ் பல்கலைக்கழக வளாகத்தின்மீது நடத்தித் தோல்வியுற்ற ஹெலிகாப்டர் தாக்குதலும் இங்கிருந்தே புறப்பட்டது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களிலும் பலாலியை அண்டி இலங்கை வான்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 2000இல் குடாநாட்டின் தரைவாயிலான ஆனையிறவு வீழ்ந்தபின் படைகளுக்கு வானும் கடலுமே வழி. ஆனால் அதற்கு முன்பே தரைப்பாதை அடைபட்டிருந்தது, அதுவும் படையினருக்கு மட்டுமல்ல. கொழும்பு செல்லப் பொதுமக்களும் பலாலியையே நாடினார்கள். 1998 செப்டம்பர் 29 அன்று இங்கிருந்து புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேரும் மாண்டார்கள். யுத்தத்தின் உச்சத்திலும் இது மக்களின் பாதையாக இருந்தது என்பதற்கு அந்த உயிர்களே சான்று.

தளத்தின் கதையில் மிகக் கனமான பகுதி நிலம். 1990இல் சுற்றுவட்டார மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; அவர்களுடைய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. மயிலிட்டி மீனவர் கடலை இழந்தார்கள், வசாவிளான் விவசாயிகள் தோட்டத்தை இழந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தும் வேலி நீங்கவில்லை. 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்கள் காணி உறுதிகளோடு நீதிமன்றம் போனார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்த பலருக்கு வீடும் மதிலும் இல்லை. எல்லைக் கற்களைத் தேடிக் காணியை அடையாளம் காண வேண்டியிருந்தது. ஓடுபாதைக்குப் பாதுகாப்பு எல்லை தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. சமாதான காலத்தில் அந்த எல்லை எவ்வளவு என்பதைப் பொறியியல் அளவு சொல்ல வேண்டும், யுத்தகால வேலி சொல்லக்கூடாது.

2019 அக்டோபர் 17 அன்று இது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. இச்சேவைகள் பெருகி ஓடுபாதையை நீட்ட இனிக் காணி எடுப்பதானால், உரிமையாளரைக் கேட்டு, சட்டப்படி இழப்பீடு கொடுத்தே எடுக்க வேண்டும்.