அடுத்த வீட்டு நங்கையர்

வில்லியனூருக்கு வருவோர் இரண்டு திருத்தலங்களைக் காண்பர். ஒன்று, கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீசுவரர் கோயில். மற்றொன்று, தூய லூர்து அன்னையின் ஆலயம். முன்னதன் தேர்த் திருவிழாவில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலே கவர்னர் வடந்தொட்டு இழுத்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்ந்து நடைபெறுகிறது. பின்னதற்கு 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து அன்னையின் சுரூபம் வந்து சேர்ந்தது. இவ்வூர் மக்கள் தேர் நாளையும் அறிவர்; அன்னையின் கொடியேற்று நாளையும் அறிவர். அடுத்த வீட்டாருடைய வழிபாட்டை மதித்து அறிந்திருத்தல் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

மாணவ மாணவியரே, அத்தகைய பழக்கம் ஒன்று தமிழ் நாவலின் பிறப்பிலும் இருந்தது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எடுத்துக்கொண்ட பொருள், கிறித்தவப் பின்னணியில் எழுந்த காதற்கதைகளும் மங்கையர் கதைகளும் ஆகும்.

இவ்வகைக் கதைகளின் இலக்கணம் எளியது. ஓர் இளம்பெண் கதைக்கு நடுநாயகமாக நிற்பாள். காதலும் திருமணமும் அவள் வாழ்வில் குறுக்கிடும். அவற்றோடு அவளுடைய இறைநம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகும். 'இவள் யாரை மணப்பாள்?' என்பது ஒரு வினா. 'இவள் எதனை நம்பி வாழ்வாள்?' என்பது மற்றொரு வினா. இரண்டுக்கும் ஒருங்கே விடை கிடைக்கும்போது கதை முடியும். இங்கிலாந்தில் 1740-இல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா' என்னும் நாவல், ஒழுக்கத்தைக் கைவிடாத ஒரு பணிப்பெண்ணின் கதையாகும். அமெரிக்காவில் 1967-இல் காதரீன் மார்ஷல் எழுதிய 'கிறிஸ்டி', மலைநாட்டுப் பள்ளியில் பணியாற்றச் செல்லும் இளம் ஆசிரியையின் கதை. 1979-இல் ஜானெட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' பெரும் புகழ் பெற்றபின், இவ்வகை நாவல்கள் அந்நாட்டில் தனியொரு நூல் வாணிகமாகவே வளர்ந்தன. நகரத்தில் வேலை பார்க்கும் நங்கையின் அன்றாட வாழ்வை நகைச்சுவையோடு சொல்லும் கதைகள் 1990-களில் தோன்றின. சில ஆண்டுகளுக்குள் அவற்றுக்கும் கிறித்தவ வடிவம் ஒன்று உண்டாயிற்று.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்திகள். நம் நாட்டில் இத்தகைய கதைகள் இருந்தனவா? இருந்தன. அமெரிக்க வாணிகம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தன.

தமிழில் கிறித்தவ இலக்கியம் முதலிற் செய்யுளாகவே மலர்ந்தது. வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணி, சூசையப்பரின் வரலாற்றைக் கூறும் காப்பியமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது அச்சேறியது நம் புதுச்சேரியில்தான் என்பதை நீங்கள் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம். ஆனால் சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தி கதைத் தலைவியாவதற்கு உரைநடை வேண்டியிருந்தது. அச்சும் பெண்கள் பள்ளியும் பரவியபோது அந்த உரைநடை வந்தது.

இந்திய மொழிகளில் முதலில் வந்தவை பெரும்பாலும் போதனைக் கதைகளே. கல்கத்தாவில் பிறந்த ஹன்னா காதரீன் மல்லென்ஸ் அம்மையார் 1852-இல் வங்க மொழியில் 'பூல்மணி, கருணை' என்னும் இரு கிறித்தவப் பெண்களின் கதையை வெளியிட்டார். பூல்மணி நல்ல இல்லாள்; கருணையோ திருந்த வேண்டியவள்; இறுதியில் அவளும் திருந்துகிறாள். மராத்தியில் பாபா பதமன்ஜி என்பார் 1857-இல் 'யமுனா பர்யடன்' என்னும் கதையை எழுதினார். விதவையர் படும் துயரங்களைக் கண்டும் கேட்டும் வருந்திய யமுனை, தானும் கணவனை இழக்கிறாள். பின்பு கிறித்தவளாகி மறுமணம் செய்துகொள்கிறாள். விதவை மறுமணச் சட்டம் 1856-இல் இயற்றப்பட்டது என்பதை நினைத்தால், அந்நூலின் துணிவு விளங்கும்.

எனினும் போதனைக் கதைக்கு ஒரு குறை உண்டு. அதன் முடிவு வாசகனுக்கு முன்னரே தெரியும். கதைத்தலைவி தானாக எண்ணித் துணிவதில்லை. ஆசிரியர் துணிந்ததை அவள் நிறைவேற்றுகிறாள். அவள் வாயிலிருந்து வருவது அவள் பேச்சன்று, பிரசங்கம். இக்குறையைக் கடந்தவர்கள் யாவர்? அவர்களுள் மூவரை இங்கே காண்போம்.

முதலாமவர் வேதநாயகம் பிள்ளை. அவர் 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். மாயூரத்தில் நீண்ட காலம் முன்சீப்பாக இருந்து புகழ் பெற்றவர். 'பெண்மதி மாலை' இயற்றிப் பெண்கல்விக்காக வாதாடியவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவர். வில்லியனூருக்கு லூர்து அன்னையின் சுரூபம் வந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1879-இல், அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று அது போற்றப்படுகிறது.

நூலின் பெயர் பிரதாபனுடையது. நூலின் உயிரோ ஞானாம்பாள். அவள் பிரதாபனோடு உடன் பயின்றவள். அறிவில் அவனை விஞ்சியவள். திருமணத்திற்குப் பின் கணவனைப் பிரிய நேர்ந்தபோது, ஆண்வேடம் பூண்டு, அயல்நாடு ஒன்றில் அரசனாகவும் அமர்ந்து நீதி செலுத்துகிறாள். பெண்ணுக்கு எழுத்தறிவு தேவையா என்று நாடே வழக்காடிய நாளில், முன்சீப் பிள்ளையவர்கள் ஒரு பெண்ணை நீதிபீடத்தில் அமர்த்திக் காட்டினார். எட்டாண்டு கழித்து 1887-இல் வெளியிட்ட 'சுகுணசுந்தரி' என்னும் நாவலிலோ, பால்ய விவாகத்தின் தீமைகளை எடுத்துக் கூறினார்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேதநாயகம் பிள்ளை தம் நம்பிக்கையில் உறுதியுள்ள கிறித்தவர். ஆயினும் ஞானாம்பாளை அவர் மதம் மாற்றவில்லை. அவள் தன் குலத்து வழக்கத்திலேயே பிறந்து, வளர்ந்து, மணந்து, வாழ்கிறாள். கடவுள் பக்தியும் வாய்மையும் எல்லார்க்கும் பொது என்ற அளவில் ஆசிரியருடைய சமயவுணர்ச்சி கதைக்குள் பரவி நிற்கிறது. கத்தோலிக்க ஆசிரியர் அடுத்த வீட்டுப் பெண்ணைத் தலைவியாக்கி, அவளை அவளாகவே வாழவிட்டார்.

இரண்டாமவர் கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். அந்தணராயிருந்து கிறித்தவரான மராத்தியப் பெற்றோர்க்கு 1862-இல் அகமதுநகரில் பிறந்தவர். 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து நன்கு பயின்றார். ஆயின் உடல்நலம் குன்றியமையால் படிப்பைத் தொடர முடியவில்லை. சென்னையில் சாமுவேல் சத்தியநாதன் என்னும் தமிழ்க் கிறித்தவரை மணந்தார். 1894-இல், முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். அச்சிறு வாழ்நாளில் ஆங்கிலத்தில் இரண்டு நாவல்களை எழுதினார். 'சகுணா' 1887, 1888-ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடர்ந்து வந்தது. 'கமலா' 1894-இல் நூலாயிற்று. இரண்டும் 1896-இல் தமிழிலும் பெயர்க்கப்பட்டன.

'சகுணா' பெரும்பாலும் அவர் தம் கதையே. படிக்க வேண்டும், மருத்துவம் பயில வேண்டும் என்று ஏங்கும் கிறித்தவச் சிறுமி, தன்னைத் தாழ்வாக நோக்கும் வெள்ளையரிடமும் தலைகுனியாமல் வளர்கிறாள். முடிவில் தன் மனத்துக்கு ஒத்தவரைக் கணவராக ஏற்கிறாள். இன்றைய மங்கையர் நாவல்களிற் காணும் பெண்ணின் தன்மதிப்பும் வேலைக் கனவும் அங்கேயே முளைத்துவிட்டன.

'கமலா'வோ இந்துப் பெண்ணின் கதை. துறவியின் மகளான கமலா, கணேசனை மணந்து மாமியார் வீட்டில் துன்புறுகிறாள். கணவன் வேறொருத்தியின் வலையில் வீழ்கிறான். பின்பு இறந்தும் போகிறான். அவளை உள்ளன்போடு நேசிக்கும் ராமச்சந்திரன் அவளை மணந்துகொள்ள வேண்டுகிறான். சட்டம் தடுக்கவில்லை. ஆசிரியரின் சமயமும் தடுக்கவில்லை. பாபா பதமன்ஜியின் யமுனை செய்தது போல் இவளும் செய்திருக்கலாம். ஆயினும் கமலா மறுத்துவிடுகிறாள். தன் செல்வத்தை அறப்பணிக்குச் செலவிட்டு வாழ்கிறாள்.

அம்மையார் ஏன் இவ்வாறு முடித்தார்? விதவைக்கு மறுமணம் தகாது என்று அவர் கருதியதாலா? அன்று. பல தலைமுறையாக ஊறிய வழக்கம் ஒரு பெண்ணின் நெஞ்சிலே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். சட்டப் புத்தகம் திறந்துவிட்ட கதவை மனம் திறக்கவில்லை. கமலாவை மணக்கோலத்தில் நிறுத்தியிருந்தால் வாசகர் மகிழ்ந்திருப்பர், உண்மை மறைந்திருக்கும்.

மூன்றாமவர் அ. மாதவையா. 1872-இல் நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் அந்தணர் குலத்திற் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர். 'பத்மாவதி சரித்திரம்' தந்தவர். 1915-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' ஒரு வரலாற்று நாவலாகும்.

கிளாரிந்தா உண்மையில் வாழ்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்த மராத்திய அந்தண விதவை. கோகிலா என்பது அவருடைய முன்னைப் பெயர் என்பர். கணவனோடு உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் காப்பாற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அவர் பாதுகாப்பில் வாழ்ந்து, ஆங்கிலமும் வேதாகமமும் கற்று, ஞானஸ்நானம் பெற விரும்பினார் அந்த அம்மையார். சுவார்ட்சு ஐயர் மறுத்தார். திருமணமின்றி ஒருவரோடு வாழும் வரையில் ஞானஸ்நானம் தர இயலாது என்பது அவர் கூறிய காரணம். மணப்பதாக வாக்களித்திருந்த அதிகாரியோ மணக்காமலே இறந்துவிட்டார். அதன் பின்னரே, 1778-இல், பாளையங்கோட்டையில் சுவார்ட்சு ஐயர் அம்மையாருக்கு ஞானஸ்நானம் அளித்தார்.

காப்பாற்றியவரின் காதல் அவருக்குத் திருமணத்தைத் தரவில்லை. விரும்பிய சமயமோ நெடுநாள் வாயிலிலே நிறுத்தி வைத்தது. பிறந்த குலம் கைவிட்டது. இத்தனைக்கும் பிறகு அவர் உள்ளம் கசந்துவிடவில்லை. 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதற்பெயர் கிளாரிந்தா. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. மக்கள் அதனைப் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று அழைத்தனர். சமயம் மாறியவரின் பழைய குலப்பெயரையே புதிய ஆலயத்திற்கு இட்ட அப்பொதுமக்களின் அன்பை என்னென்பது!

இவ்வரலாற்றை எழுதியவர் கிறித்தவரல்லர் என்பதுதான் வியப்பு. மாதவையா தம் குலத்து வழக்கங்களின் கொடுமையை மறைக்கவில்லை. அதே வேளையில் கிளாரிந்தாவின் புதிய நம்பிக்கையை ஏளனம் செய்யவுமில்லை. அவருடைய காதலையும் பக்தியையும் ஒருங்கே மதித்து எழுதினார்.

இம்மூவரையும் சேர்த்து நோக்குங்கள். கத்தோலிக்க ஆசிரியர் ஞானாம்பாளைப் படைத்தார். கிறித்தவ அம்மையார் தம் வீட்டுச் சகுணாவோடு நிற்காமல் அடுத்த வீட்டுக் கமலாவையும் எழுதினார். அந்தண ஆசிரியர் கிளாரிந்தாவைப் போற்றினார். போதனைக் கதை, 'என்னிடம் வா' என்று அழைக்கும். இவர்களோ, 'நீ இருக்குமிடத்தில் உன் மனம் என்ன நினைக்கிறது?' என்று கேட்டார்கள். அவ்வாறு கேட்டமையால் அப்பெண்கள் உயிருள்ள மாந்தராயினர்.

அக்காலத்துப் பெண்ணுக்குத் தெரிந்தெடுக்கும் உரிமை மிகக் குறைவு. படிப்பா, இல்லையா என்பதைத் தந்தை முடிவு செய்தார். கணவன் யார் என்பதைக் குடும்பம் முடிவு செய்தது. வழிபாடு எது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. அந்நிலையில், ஒரு பெண் எண்ணித் துணிவதாகக் கதை எழுதுவதே பெரிய செயலன்றோ? அவள் 'ஆம்' என்பதைவிட 'இல்லை' என்பதற்கும் இடமளித்தது அதனினும் பெரிய செயல்.

எங்கள் தலைமுறை ஆசிரியர்களிற் பலர் நாவலைப் பாடநூலுக்குப் பகையென்றே கருதினர். காதற்கதை என்றால் இன்னும் ஒரு படி கடுமை. அக்கருத்து இன்று தளர்ந்திருக்கிறது; தளர்ந்தது நன்று. ஆனால் கையிற் கிடைத்ததையெல்லாம் படிப்பதும் பயன் தராது. பக்தியும் காதலும் கலந்த கதை ஒன்று உங்களிடம் வருமானால், அது எந்தச் சமயத்தைச் சார்ந்ததாயினும், மூன்று கேள்விகள் கேளுங்கள். இத்தலைவி தானே எண்ணுகிறாளா, அன்றி ஆசிரியரின் எண்ணத்தை ஒப்புவிக்கிறாளா? அவளுடைய நம்பிக்கை அவளுக்கு ஏதேனும் விலை கொடுக்க நேர்ந்ததா, அன்றி எல்லாம் எளிதாகவே கிடைத்துவிட்டதா? வேறு நம்பிக்கையுடைய மாந்தர் அக்கதையில் மதிப்போடு நடத்தப்படுகிறார்களா, அன்றி மாற்றப்படுவதற்கும் பழிக்கப்படுவதற்கும் மட்டுமே வருகிறார்களா?

இக்கேள்விகளுக்கு நல்ல விடை தரும் நூல் எந்நாட்டதாயினும் ஏற்றுப் படியுங்கள். முதலில் பிரதாப முதலியார் சரித்திரத்தை நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஞானாம்பாள் நீதி வழங்கும் பகுதிகளை மாணவியர் வாய்விட்டுப் படிக்க, மாணவர் கேட்கட்டும். பின்பு கமலாவின் மறுப்பு சரியா, தவறா என்று உங்களுக்குள் வழக்காடுங்கள். அவ்வழக்கு இன்றும் முடிந்துவிடவில்லை.